குணமான பிறகு

1872-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் ஹிலாரியோ டி கோவேயா என்ற கண் மருத்துவரிடம் ஒரு சிறுவனைக் கொண்டுவந்தார்கள். கண்ணுக்குள் கட்டி. அன்றைக்கு அதற்கு இருந்த ஒரே வழி கண்ணையே எடுத்துவிடுவது. எடுத்தார். பையன் பிழைத்துக்கொண்டான். அதுவே அந்தக் காலத்தில் பெரிய செய்தி. இந்தக் கட்டி வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் தப்பியதில்லை. பையன் வளர்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான். மனைவி வீட்டில் யாருக்கும் புற்றுநோய் இருந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் இரண்டு பெண் குழந்தைகளுக்கு, இரண்டு கண்களிலும், அப்பாவுக்கு வந்த அதே கட்டி வந்தது.

டி கோவேயா இதை எழுதி வைத்தார். காரணம் சொல்ல அவரால் முடியவில்லை. மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு 1866-லேயே அச்சாகியிருந்தது, ஆனால் அதைச் சீந்துவார் இல்லை. புற்றுநோய்க்கான சாய்வு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகக்கூடும் என்பதற்கு மருத்துவத்தில் பதிவான மிகப் பழைய ஆதாரங்களில் ஒன்று இது. எந்தக் கருவியும் இதைக் கண்டுபிடித்துத் தரவில்லை. தன்னிடம் அறுவை செய்துகொண்டு போன ஒரு பையனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒரு டாக்டர் தெரிந்து வைத்திருந்தார், அவ்வளவுதான். பையன் ஊரை விட்டுப் போயிருந்தால், அல்லது டாக்டர் 'குணமாயிற்று' என்று எழுதி ஃபைலை மூடியிருந்தால், மூன்று நோயாளிகள் மூன்று தனித்தனித் துரதிர்ஷ்டங்களாகவே நின்றிருப்பார்கள்.

அந்தக் கட்டிக்கு இன்றைய பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரையில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. ஒரு குடும்ப டாக்டர் ஆயுள் முழுக்க பிராக்டீஸ் செய்தும் ஒரு கேஸ்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 8,000-க்குச் சற்று மேல். அவற்றில் 1,500 முதல் 2,000 வரை இந்தியாவில் என்று மதிப்பிடுகிறார்கள். நம் நாட்டில் இந்த நோய் அதிகமாகத் தாக்குகிறது என்று பொருளில்லை, குழந்தைகள் அதிகம் பிறக்கிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற இடங்களில் உள்ள கண் மருத்துவர்களுக்கு இது பழகிய நோய்.

முதலில் கவனிப்பது பெரும்பாலும் அம்மாதான். கருவிழியின் நடுவே வெள்ளையாக ஏதோ பளபளக்கும். இப்போதெல்லாம் மொபைல் படத்தில் தெரிகிறது: ஃபிளாஷ் அடித்து எடுத்தால் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழும். அடுத்த அறிகுறி மாறுகண். இதில்தான் நம் ஊரில் ஒரு சங்கடம் இருக்கிறது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அதிர்ஷ்டத்தில் சில மாதங்கள் போய்விட்டால் கட்டி கண்ணைத் தாண்டிப் பார்வை நரம்பு வழியாக மூளைப் பக்கம் ஏறிவிடும். சீக்கிரம் வந்தால், வசதியுள்ள நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். கண்ணைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் உயிரைக் காப்பாற்றலாம் என்று ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப் 1809-லேயே எழுதினார். மயக்க மருந்து வருவதற்குப் பல பத்தாண்டுகள் முந்திய காலம் அது என்பதை நினைத்தால், அந்த யோசனையைச் சொல்லவே ஒரு துணிச்சல் வேண்டும்.

இப்படி அரிதான கட்டிகள் ஒன்றிரண்டல்ல. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வந்தால் அது அரிய புற்றுநோய் என்று ஐரோப்பாவில் ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் தனித்தனியாக எல்லாமே அரிது. மொத்தமாகக் கூட்டினால் எல்லாப் புற்றுநோய்களிலும் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் வந்துவிடுகிறது. இவற்றை ஆராய்வதில் அடிப்படையான தடை எண்ணிக்கை. மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு மருந்தைச் சோதிக்க வேண்டுமென்றால் சில ஆயிரம் பேரைச் சேர்த்து இரண்டு குழுவாகப் பிரிக்கலாம். ஆண்டுக்குப் பத்துப் பேர் வரும் கட்டிக்கு அதெல்லாம் நடக்காது. ஆள் குறைவாக இருக்கும்போது மருத்துவரின் கையில் மிஞ்சுவது காலம் மட்டும்தான். அந்தப் பத்துப் பேரையும் விடாமல் முப்பது வருஷம் பார்க்க வேண்டும்.

புற்றுநோயில் 'ஐந்து ஆண்டு' என்றொரு வழக்கம் வேரூன்றிவிட்டது. ஐந்து ஆண்டு தாண்டினால் பயமில்லை என்று நோயாளிக்குச் சொல்கிறோம், மருத்துவமனை விளம்பரத்திலும் போடுகிறோம். பல பொதுவான புற்றுநோய்களுக்கு அது ஓரளவு பொருந்தும். அரிய கட்டிகளில் பலவற்றுக்கு அது வெறும் வசதிக்கான எல்லைக்கோடு. சினைப்பையில் வரும் கிரானுலோசா செல் கட்டி என்று ஒன்று உண்டு. எடுத்துப் பத்து, இருபது ஆண்டுகள் சுகமாக இருந்த பிறகு மறுபடி தலைகாட்டும். அட்ரீனல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமாவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 'இது சாது, இது பொல்லாதது' என்று உறுதியாகப் பிரிக்க இன்றும் முடியாது. பரவுகிறதா என்று காத்திருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஐந்து ஆண்டு என்ற கணக்கை ரெட்டினோபிளாஸ்டோமா அளவுக்கு அம்பலப்படுத்திய நோய் வேறில்லை என்பேன்.

இரண்டு கண்ணிலும் கட்டி வந்த குழந்தைக்கு என்ன செய்வது? மோசமான கண்ணை எடுத்துவிடலாம். மற்றதையும் எடுத்தால் குழந்தைக்கு ஆயுள் முழுக்க இருட்டு. 1903-ல் டெக்ஸாஸில் ஹில்கார்ட்னர் என்ற மருத்துவர் இந்தக் கட்டிக்கு எக்ஸ்ரே கொடுத்துப் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், குறிப்பாக நியூயார்க்கில், கதிர்வீச்சு சிகிச்சை இந்த நோய்க்கு நிலையான முறையாயிற்று. நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வார்களே, அதேதான். இந்தக் கட்டி கதிர்வீச்சுக்கு நன்றாக அடங்கும். ஒரு கண்ணாவது மிஞ்சியது. பார்வையோடு குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஐந்தாண்டுக் கணக்கில் பார்த்தால் இதைவிட வெற்றிகரமான சிகிச்சையைக் காட்டுவது கடினம்.

பிறகு அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள். சிலருக்குக் கதிர் பாய்ந்த பக்கம் முக எலும்பு வளராமல் நெற்றிப்பொட்டு குழிந்து போயிற்று. அது முதல் வருத்தம். அடுத்தது பதின்வயதில் வந்தது. கண்குழி எலும்பில், மூக்கின் பக்கத்தில், கன்னத்துத் தசையில் புதிய கட்டிகள். பழைய கட்டி திரும்பியதல்ல. நுண்ணோக்கியில் பார்த்தால் முற்றிலும் வேறு வகை, ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோயோ மென்திசு சார்கோமாவோ. கதிர்வீச்சின் விளைவு என்று உடனே தோன்றும். தோன்றத்தான் செய்தது. ஆனால் வேறு சிலருக்குத் தொடை எலும்பில், முழங்காலை ஒட்டி, அதே ஆஸ்டியோசார்கோமா வந்தது. கண்ணுக்குக் கொடுத்த கதிர் தொடைக்கு எப்படிப் போயிருக்கும்? கதிர்வீச்சே பெறாமல் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவர்களிலும் சிலருக்கு வந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு மருத்துவமனையின் ஐந்தாறு கேஸ்கள் போதவில்லை. மாசசூசெட்ஸ், நியூயார்க் மருத்துவமனைப் பதிவேடுகளில் 1914 முதல் 1984 வரை இந்த நோய் கண்டவர்களில் பிழைத்த 1,600 பேரைத் தேடிப் பிடித்தார்கள். இதன் முடிவுகள் 1997-ல் வந்தன. பரம்பரை வகை நோய் இருந்தவர்களில், நோய் கண்ட 50 ஆண்டுகளுக்குள் இரண்டாவது புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 51. பரம்பரை அல்லாத வகையில் நூற்றுக்கு 5. அதிர்ச்சியான எண். அதே குழுவை மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2005-ல் திரும்பக் கணக்கிட்டபோது 51 என்பது 36 ஆகக் குறைந்தது, மற்றது 5.7. கதிர்வீச்சு பெற்ற பரம்பரை வகையினருக்கு 38, பெறாதவர்களுக்கு 21.

இந்த நான்கைந்து எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கதை முழுவதும் கிடைத்துவிடுகிறது. கதிர்வீச்சு ஆபத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது, உண்மை. ஆனால் கதிரே படாதவர்களுக்கும் நூற்றுக்கு 21 என்றால், ஆபத்தின் வேர் சிகிச்சையில் இல்லை, பிறப்பிலேயே இருக்கிறது. பரம்பரை அல்லாதவர்களிடம் எண் இவ்வளவு கீழே இருப்பது அதைத்தான் உறுதிசெய்கிறது. இன்னொன்றும் இதில் கவனிக்க வேண்டியது. நீண்ட கண்காணிப்பு என்றாலே கெட்ட செய்தி கொண்டுவருவது என்றொரு எண்ணம் இருக்கிறது. 51-ஐ 36 ஆக்கியதும் அதே கண்காணிப்புதான். இருவரில் ஒருவர் என்று கேட்டுப் பயந்துபோன குடும்பத்துக்கு மூவரில் ஒருவர் என்பது சின்ன வித்தியாசமில்லை.

பிறப்பிலேயே இருப்பது என்ன? இதற்கு விடை வந்தது ஹூஸ்டனிலிருந்து. ஆல்ஃபிரெட் நுட்சன் குழந்தை மருத்துவர், மரபியலும் படித்தவர். எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் 1944 முதல் 1969 வரை பார்த்த 48 ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைகளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டார். ஆய்வகம் இல்லை, எலி இல்லை, ரசாயனம் இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் அவர் பார்த்தது, எத்தனையாவது மாதத்தில் நோய் தெரிந்தது, ஒரு கண்ணா இரு கண்ணா, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்ற சில விவரங்கள். அவற்றை ஒரு வரைபடமாகப் போட்டார்: கிடை அச்சில் வயது, நெடு அச்சில் அந்த வயது வரை நோய் தெரியாமல் இருந்தவர்களின் விகிதம், அதுவும் மடக்கை அளவில். இரண்டு கண்ணிலும் நோய் வந்தவர்களின் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுடையவை முதலில் மெதுவாக இறங்கி, பின்பு சரிந்து, வளைகோடாக அமைந்தன.

நேர்கோடு என்றால், எப்போது வேண்டுமானாலும் நிகழக்கூடிய ஒரே ஒரு தற்செயல் நிகழ்வு போதும் என்று கணிதம் சொல்கிறது. கதிரியக்கத் தனிமங்கள் சிதைவதும் இதே கணக்கில்தான். வளைகோடு என்றால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நிகழ்வுகள் வேண்டும். 1971-ல் வெளியான கட்டுரையில் நுட்சன் சொன்னது இதைத்தான். நம் செல்களில் ஒவ்வொரு மரபணுவுக்கும் அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என இரண்டு பிரதிகள். சைக்கிளுக்கு முன்பிரேக்கும் பின்பிரேக்கும் போல, செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் மரபணுவுக்கும் இரண்டு. ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். இரண்டும் போனால்தான் வண்டி நிற்காது. சாதாரணக் குழந்தையின் விழித்திரைச் செல் ஒன்றில் இரண்டும் தற்செயலாகப் போக வேண்டும். அது அபூர்வம், காலம் பிடிக்கும், ஒரு கண்ணோடு நிற்கும். பரம்பரை வகைக் குழந்தை ஒரு பிரதி ஏற்கெனவே பழுதான நிலையில் பிறக்கிறது. இன்னொன்று போனால் போதும். விழித்திரையில் வளரும் செல்கள் லட்சக்கணக்கில் இருப்பதால், அது பல இடங்களில் நடந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டு கண்ணிலும், அதனால்தான் ஒரு வயதுக்குள்ளேயே.

1986-ல் அந்த மரபணுவையே, பதின்மூன்றாவது குரோமோசோமிலிருந்து, பிரித்தெடுத்துவிட்டார்கள். கட்டியைத் தடுக்கும் மரபணு ஒன்று கையில் கிடைத்தது அதுவே முதல் முறை. ஆர்பி1 என்று பெயர். அது உருவாக்கும் புரதம், செல் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்கும் வாசலில் நின்று தடுக்கிறது. விழித்திரையில் மட்டுமல்ல, எலும்பில், தசையில், தோலில், நுரையீரலில், எல்லாச் செல்லிலும். தொடை எலும்புப் புதிர் அங்கே முடிந்தது. பரம்பரை வகைக் குழந்தையின் ஒரு பிரதி கண்ணில் மட்டும் பழுதாகவில்லை, உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் பழுதாகியிருக்கிறது. பதின்வயதில் எலும்புகள் வேகமாக வளரும்போது, அந்த வளர்ச்சி அதிகமாக நடக்கும் முழங்காலை ஒட்டிய இடத்தில், இரண்டாவது பிரதியும் எங்கோ ஒரு செல்லில் போய்விடுகிறது.

ஆண்டுக்கு எட்டாயிரம் குழந்தைகளுக்கு வரும் ஒரு நோயின் பழைய ஃபைல்கள் கொடுத்த அறிவு எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். இந்த ஆர்பி புரதத்தை முடக்கிப்போடும் நொதிகள் இரண்டைத் தடுப்பதுதான் பால்போசிக்லிப் என்ற மாத்திரையின் வேலை. 2015-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது; இன்று நம் ஊர்ப் பெண்களும் எடுத்துக்கொள்கிறார்கள். அரிய நோய்க்கு ஏன் பணம் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

அரிது என்பதே சில சமயம் ஒரு வசதி. 1966-க்கும் 1969-க்கும் இடையில் பாஸ்டனில் ஒரே மருத்துவமனையில் ஏழு இளம்பெண்களுக்குப் பிறப்புறுப்புப் பாதையில் கிளியர் செல் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் வந்தது. அந்த வயதில் அது கேள்விப்படாத ஒன்று. வந்தால் வயதான பெண்களுக்கு வரும். ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் சக மருத்துவர்களும் பக்கத்து மருத்துவமனையில் கிடைத்த எட்டாவது பெண்ணையும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அதே காலத்தில் பிறந்த நான்கு பெண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டில் ஏழு பேரின் தாய்மார்கள், கர்ப்பமாக இருந்தபோது கரு கலையாமலிருக்க டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். ஒப்பிட்ட 32 பேரின் தாய்மார்களில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. 1971 ஏப்ரலில் கட்டுரை வெளிவந்தது, அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அரசு கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தது.

எட்டே எட்டுப் பேர். பொதுவான புற்றுநோய் ஒன்றில் எட்டு கூடுதலாக வந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. மருந்து சாப்பிட்டது ஒருவர், நோய் வந்தது இன்னொருவருக்கு, இடையில் பதினைந்து, இருபது ஆண்டு. இதில் எரிச்சலூட்டும் செய்தி, கருச்சிதைவைத் தடுப்பதில் அந்த மாத்திரைக்குப் பயனே இல்லை என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை 1953-லேயே காட்டிவிட்டது. அதன் பிறகும் பதினெட்டு ஆண்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கருவில் அந்த மருந்து பட்ட பெண்களை இன்றும் பின்தொடர்கிறார்கள். ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் அந்த அரிய புற்றுநோய் வந்தது என்று தெரிந்ததும், குழந்தைப்பேறு தொடர்பான சிக்கல்கள் அதைவிட எத்தனையோ மடங்கு பேருக்கு இருந்தன என்று தெரிந்ததும் அந்தப் பின்தொடரலில்தான்.

சரி, ஒருவரை முப்பது வருஷம் பின்தொடர்வது என்றால் நடைமுறையில் என்ன? டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு எண். புற்றுநோய்ப் பதிவேடு 1940-களிலேயே தொடங்கிவிட்டது. கணினியில் இரண்டையும் பொருத்தினால் யாருக்கு எப்போது என்ன வந்தது, யார் இறந்தார் என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். நம் ஊரில் ஆள் போக வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு அப்படித்தான் வேலை செய்திருக்கிறது: மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுவது, கடிதம் போடுவது, போன் செய்வது, பதில் இல்லையென்றால் வீட்டுக்கே போவது.

போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். சென்னையில் கதவு எண்ணே பழைய எண், புதிய எண் என்று இரண்டு. வாடகை வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போயிருப்பார். போன் நம்பர் மாறியிருக்கும். இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் நம் பெயரில் இருக்கிறது. இனிஷியலும் பெயரும்தான் நமக்கு; குடும்பப் பெயர் கிடையாது. எஸ். மகாலட்சுமி என்று மூன்று வயதில் பதிவான பெண் குழந்தை, கல்யாணத்துக்குப் பிறகு ஆர். மகாலட்சுமி ஆகிவிடுகிறாள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு சீட்டிலும் ஒவ்வொரு மாதிரி. இருபது வருஷம் கழித்து வேறொரு மருத்துவமனையில் எலும்புக் கட்டியோடு அவள் சேர்ந்தால், இரண்டு ஃபைலும் ஒருத்தியுடையவை என்று எந்தக் கணினியும் கண்டுபிடிக்காது. பெண்கள் இப்படிப் பதிவேட்டிலிருந்து நழுவுவது பற்றி நம் மருத்துவத் துறையில் போதிய கவலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விட்டுப்போனவர்கள் கணக்கை எப்படிக் கெடுக்கிறார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. ஒருவர் ரிவ்யூவுக்கு வருவதை நிறுத்தினால் கடைசியாக வந்த நாள் வரை உயிரோடு இருந்தார் என்று எழுதி, அதற்குப் பிறகு கணக்கில் விட்டுவிடுவது வழக்கம். வராமல் போனவர்களும் வந்தவர்களும் ஒரே மாதிரி என்றால் இதில் தப்பில்லை. ஆனால் கண்ணை எடுக்கச் சம்மதிக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன குடும்பம் திரும்பி வராது. அந்தக் குழந்தை ஊரில் இறந்துபோனது மருத்துவமனைக்குத் தெரியாது. சிகிச்சையின் வெற்றி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நேர்மாறாக, இருபது ஆண்டு கழித்துப் புதுக் கட்டி வந்தவர் மட்டும் பழைய டாக்டரைத் தேடி வருவார். நலமாக இருப்பவர் எதற்கு வரப்போகிறார்? அப்போது ஆபத்து உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரே பதிவேட்டில் இரண்டு கோணல்களும் சேர்ந்தே இருக்கலாம். ஆகவே நலமாக இருப்பவரைத் தேடிப் பிடித்து 'நலம்' என்று எழுதுவது, நோயாளியைப் பிடிப்பதற்குச் சற்றும் குறையாத வேலை. அதற்குத்தான் பணம் கிடைப்பதில்லை. ஆராய்ச்சி நிதி மூன்று வருஷத்துக்குக் கொடுப்பார்கள். முப்பது வருஷத்துக்கு யார் கொடுக்கிறார்கள்?

ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைகளை முதல் சில ஆண்டுகள் இழுத்து வைப்பது ஒப்பீட்டில் எளிது. சில வாரங்களுக்கு ஒரு முறை மயக்க மருந்து கொடுத்து, கண்மணியை விரித்து, வெள்விழியை வெளியிலிருந்து சிறு கருவியால் அழுத்திக்கொண்டே விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பார்கள். பார்த்ததை வட்டத்தில் படமாக வரைந்து ஃபைலில் வைப்பார்கள். இப்போது கேமராவும் உண்டு. கண் எடுத்த குழந்தைக்குச் செயற்கைக் கண் பொருத்த வேண்டும். முகம் வளர வளர அதை மாற்ற வேண்டும், இடையில் பாலிஷ் போட வேண்டும். அந்தச் சாக்கில் குடும்பம் வந்துகொண்டே இருக்கும். பத்து வயதுக்குப் பிறகுதான் பிடி தளர்கிறது. கண்ணில் இனி புதுக் கட்டி வராது, கண் டாக்டரின் வேலை முடிந்தது. உண்மையான ஆபத்து தொடங்குவது அப்போதுதான், அது தொடங்கும் இடமோ கண் மருத்துவமனையின் எல்லைக்கு வெளியே.

பதினாறு வயதுப் பையனுக்கு முழங்கால் வலிக்கிறது. எலும்பு டாக்டரிடம் போகிறான். விளையாடியதில் அடிபட்டிருக்கும் என்று களிம்பு எழுதிக் கொடுக்கிறார். ஒன்றரை வயதில் கண் எடுத்தது அவரிடம் சொல்லப்படுவதில்லை. முழங்காலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பெண்ணாக இருந்தால் வேறு காரணத்துக்காகவும் சொல்வதில்லை. கல்யாணப் பேச்சு வரும் வயது. புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டில் எடுப்பதில்லை. 'சின்ன வயசுல கண்ணுல அடிபட்டுச்சு' என்று சொல்லிவிடுவார்கள். பல குடும்பங்களில் அந்தப் பெண்ணுக்கே உண்மை தெரியாது. அவளுக்குப் பிறக்கும் குழந்தைக்கு, பரம்பரை வகை என்றால், பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதும் தெரியாது. பிறந்த முதல் வாரங்களிலிருந்தே கண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தால், கட்டி கடுகளவாக இருக்கும்போதே லேசரிலோ உறையவைக்கும் முறையிலோ அழித்துப் பார்வையையும் காப்பாற்றலாம். தெரியாவிட்டால் வெள்ளை பளபளப்பு தெரியும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள இப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. இரண்டு கண்ணிலும் வந்தால் பரம்பரை வகை என்றே எடுத்துக்கொள்ளலாம், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும்கூட. பரம்பரை வகைக் குழந்தைகளில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தில் முதல் ஆள். ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்கு அந்தப் பழுதைச் சுமக்கிறார்கள், அவர்களைச் சோதித்துத்தான் பிரிக்க வேண்டும். மற்ற எண்பத்தைந்து பேருக்கும் நல்ல சேதி: அவர்கள் ஆயுள் முழுக்கப் பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

பழுதைச் சுமப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொன்னதும் பழைய நோயாளிகள்தான். பிரிட்டனில் 1873-க்கும் 1950-க்கும் இடையில் பிறந்து, இந்த நோயிலிருந்து தப்பிய பரம்பரை வகையினரின் முதுமை வரையிலான வரலாற்றைப் பார்த்தபோது, நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது. இரண்டும் புகையோடு தொடர்புடையவை. ஆகவே இவர்கள் சிகரெட்டைத் தொடவே கூடாது என்பது பொதுவான அறிவுரையாக நின்றுவிடாமல், கணக்கு பார்த்துச் சொன்ன அறிவுரையாகிறது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்காகத் தோலை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளச் சொல்வதும், அவசியமில்லாத சிடி ஸ்கேனைத் தவிர்க்கச் சொல்வதும், வயது வந்த பெண்களிடம் கருப்பைத் தசையில் வரும் லெயோமையோசார்கோமா பற்றி எச்சரிப்பதும் இப்படி வந்தவையே. ஆண்டுக்கு ஒரு முறை உடம்பு முழுக்க எம்ஆர்ஐ எடுப்பது உயிரைக் காக்குமா, வீண் பயத்தை மட்டும் வளர்க்குமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கதிர்வீச்சைக் கைவிடத் தூண்டியதும் பழைய நோயாளிகளின் கதைதான். கதிர் பெற்ற குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்று தெரிந்துவந்த 1990-களில் மருத்துவர்கள் கீமோதெரபிக்கு மாறினார்கள். அதிலும் விலை இருந்தது. கார்போபிளாட்டின் என்ற மருந்து சில கைக்குழந்தைகளின் காதைப் பாதித்தது, எட்டோபோசைட் என்ற மருந்து சிலருக்கு ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவருமோ என்ற சந்தேகம் எழுந்தது. ஜப்பானியர் முன்பே முயன்ற வழி ஒன்றை மேம்படுத்தி, 2006-ல் நியூயார்க்கில் புது முறையைத் தொடங்கினார்கள். குழந்தையின் தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக நூல் போன்ற குழாயை நுழைத்து, இதயத்தின் அருகே கடந்து, கழுத்து வழியே மேலேற்றி, கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் வாயில் நிறுத்தி, மெல்ஃபலான் என்ற மருந்தைச் சில மில்லிகிராம் மட்டும் விடுகிறார்கள். உடம்பு முழுக்க மருந்து ஓட வேண்டியதில்லை. முன்பு எடுத்தே ஆக வேண்டும் என்றிருந்த கண்கள் பலவற்றை இப்போது காப்பாற்ற முடிகிறது. இந்தியாவிலும் சில மையங்களில் செய்கிறார்கள்.

குழாய் போகும் வழியைத் திரையில் பார்க்க எக்ஸ்ரே வேண்டும். பழுதான மரபணுவோடு பிறந்த குழந்தையின் தலையில் அந்தச் சிறிய அளவு கதிர் என்ன செய்யும் என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 2006-ல் அந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தைகளுக்கு இப்போது இருபது வயதை ஒட்டி ஆகிறது. எலும்புக் கட்டி வரும் வயதை அவர்கள் கடந்துகொண்டிருக்கிறார்கள். மெலனோமாவும் கருப்பைக் கட்டியும் நுரையீரல் புற்றுநோயும் வரும் வயதுக்கு இன்னும் பத்து முதல் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன.